முப்பத்தாறு சாண் உயரத்தில் சக்கை

எங்கள் வீட்டு ஜாடியில் கிடந்த திராட்சைச் சக்கை ஆவணி மாதம் மூன்றாவது புதன்கிழமை, பால்காரர் வந்து போன பிறகு, வாயில் கட்டியிருந்த துணியைத் தள்ளிக்கொண்டு மேலே எழுந்து, கொட்டகையை விட்டு வெளியே நகர்ந்து, முற்றத்தில் என் நெஞ்சு உயரத்துக்கு வந்து நின்றது. நான் அப்போது உலை வைத்திருந்தேன், அரிசியைக் களைந்து போட்டுவிட்டுத்தான் போய்ப் பார்த்தேன்.

எங்கள் சம்மனசுப்பட்டியில் முப்பத்தெட்டு வீடுகள், ஒரு கோயில், மேற்கே மலை, மற்ற மூன்று பக்கமும் பன்னீர் திராட்சைப் பந்தல். காவல் தூதரான சம்மனசின் திருவிழாவுக்கு நாற்பத்தொரு நாள் முன்னால் வீட்டுக்கு ஒரு கூடை பழம் கொண்டுவந்து, காம்பு ஆய்ந்து, கழுவி, நிழலில் உலர்த்தி, கையால் பிசைந்து, சீனியும் ஒரு பிடி கோதுமையும் கிராம்பும் பட்டையும் சேர்த்து, இடுப்பு உயர ஊர் ஜாடியில் ஊறப் போடுவோம். அந்த ஜாடி எந்த வீட்டில் இருப்பது என்று சீட்டுப் போட்டு எடுப்பார்கள், இந்த வருஷம் எங்கள் வீடு வந்தது. ரசம் நுரைக்கத் தொடங்கியதும் தோலும் சதையும் கொட்டையும் திரண்டு மேலே வந்து மிதக்கும், அதுதான் சக்கை, அதைக் காலையில் ஒரு தடவையும் மாலையில் ஒரு தடவையும் மரக்கட்டையால் அமுக்கி ரசத்துக்குள் முக்க வேண்டும், ஒரு வேளை விட்டால் மேல்பக்கம் காயும், ஒரு நாள் விட்டால் பூசணம் பூக்கும், மூன்று நாள் விட்டால் ரசம் புளித்துக் காடியாகிவிடும் என்பார்கள். ஜாடி வீட்டுப் பெண் ஒருத்திதான் அமுக்க வேண்டும், வடிகட்டும் நாள் வரைக்கும் வேறு யாரும் உள்ளே பார்க்கக் கூடாது, அதிலும் புருஷன் இறந்து வருஷம் திரும்பாதவள் எட்டிப் பார்த்தால் ரசம் திரிந்துவிடும் என்பது ஊர்ப் பேச்சு. அப்படி வேதத்தில் எங்கேயும் இல்லை என்று பங்குச்சாமி பிரசங்கத்திலேயே சொன்னார், நாங்களும் தலையாட்டினோம், ஆனாலும் அப்படிப்பட்ட பெண்கள் ஜாடி வீட்டுக்கு வந்தால் முற்றத்தோடு நின்று பேசிவிட்டுப் போய்விடுவார்கள்.

அந்த ஜாடி ரசத்தில்தான் எங்கள் ஊரில் சம்பந்தம் உறுதியாகும். திருவிழாப் பூசை முடிந்ததும் பெண்ணைப் பெற்றவள் ஜாடியிலிருந்து இரண்டு அகப்பை மொண்டு மாப்பிள்ளை வீட்டாருக்கு ஊற்ற வேண்டும், அவர்கள் குடிக்க வேண்டும், அதற்கு அப்புறம்தான் கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பதும் மற்றதும். பெற்றவள் ஊற்றவில்லை என்றால் அவளுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை, அல்லது அவளிடம் ஏதோ குறை இருக்கிறது, இரண்டில் ஒன்று.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

ஜாடி வைத்து எட்டாம் நாள், மேலத்தெருவில் இறந்துபோன ஒருத்தரின் முப்பதாம் நாள் பூசைச் சாப்பாட்டுக்குப் போனோம். அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்தது சலேத்து, என் வீட்டிலிருந்து நாலாவது வீட்டுக்காரி, தை மாதம் புருஷனைப் பறிகொடுத்தவள், அமலி என்று ஒரு மகளை வைத்துக்கொண்டு அரை ஏக்கர் பந்தலைத் தானே கவாத்து வெட்டிப் பார்த்துக்கொள்கிறவள். என் வீட்டுக்காரர் இஞ்ஞாசி இரண்டாவது தடவை குழம்பு வாங்கினார், மூன்றாவது தடவையும் வாங்கினார், கையை நக்கிக்கொண்டே பக்கத்து இலைக்காரரிடம், “இப்படி ஒரு கொழம்பு சாப்பிட்டு இருபத்தெட்டு வருஷம் ஆச்சுப்பா” என்றார். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம்.

வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தேன். மூன்று நாள் படுத்திருந்தேன். சமைக்கவில்லை, கூட்டவில்லை, பேசவில்லை, அவர் கடையில் இட்லி வாங்கி வந்து தலைமாட்டில் வைத்துவிட்டுப் போவார், அவர் போனதும் தின்றுவிட்டு மறுபடியும் சுவரைப் பார்ப்பேன், ஜாடி நுரைக்கிற சத்தம் கொட்டகையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும், காலையிலும் கேட்கும், மாலையிலும் கேட்கும், அமுக்க வேண்டும் என்று தெரியும், அமுக்கினால் நான் எழுந்துவிட்டேன் என்று அவர் நினைத்துக்கொள்வாரே என்று எழவில்லை. நாலாம் நாள் காலையில் துணியை அவிழ்த்தால் சக்கை மேல் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது, பொடிக் கொசு மொய்த்தது, நெடி மூக்கைக் குத்தியது. பூசணத்தை வழித்துச் சாக்கடையில் போட்டேன், அழுகின பழத்தைப் பொறுக்கினேன், மிச்சத்தை அமுக்கினேன்.

நெடி எனக்கு முன்னால் தெருவுக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டு வியாகுலம் வேலிக்கு மேல் தலையை நீட்டினாள்.

“என்ன மதினி, காடி வாடை அடிக்குது? ஜாடி நல்லாத்தான இருக்கு?”

“என்னத்தச் சொல்ல. முந்தாநாளு சலேத்து கறிவேப்பிலைக்கு வந்தா. நான் தலைவலின்னு படுத்திருந்தேன். கொட்டகை வரைக்கும் போயிட்டா. துணி வேற விலகிக் கெடந்துச்சு.”

“எட்டிப் பாத்தாளா?”

“பாக்காம என்ன.”

சலேத்து வந்தது நிஜம். வாசலிலேயே நின்று “அக்கா, அக்கா” என்று இரண்டு தடவை கூப்பிட்டாள், நான் பதில் கொடுக்கவில்லை, போய்விட்டாள், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையோடு நான் நிறுத்தியிருக்கலாம், ஆனால் எனக்கு எதையும் பாதியில் விட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், வியாகுலம் ஒரு மாதிரி சொல்லி, இன்னொருத்தி வேறு மாதிரி சொல்லி, யாராவது “செங்கோல்மேரி மூணு நாளா வெளியவே வரலையே” என்று கணக்குப் போட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம், அதனால் முந்திக்கொண்டேன். மோர் வாங்கப் போகிற மாதிரி ஒரு வீடு, முறம் கேட்கப் போகிற மாதிரி ஒரு வீடு, காய்ச்சல்காரியைப் பார்க்கிற சாக்கில் ஒரு வீடு என்று செவ்வாய்க்கிழமை சாய்வதற்குள் என் வீட்டையும் சலேத்து வீட்டையும் தவிர எல்லா வீட்டுப் படியும் ஏறி, என் வாயாலேயே, குரலைத் தாழ்த்தி, அவள் மேல் எனக்கு இரக்கம் இருப்பது போலவே சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள்தான் சக்கை எழுந்தது.

ஜாடி வாய்க்குள் வட்டமாக இருந்தது வெளியே வந்ததும் கல்யாணப் பாய் அளவுக்கு அகன்றது. கருநீலமாக, ஒரு முழக் கனத்தில், ஒரு சொட்டும் சிந்தாமல் நின்றது. வியாகுலம்தான் முதலில் பார்த்து, இரண்டு கையாலும் அமுக்கினாள், அது அவள் கையோடு சேர்ந்து ஒரு சாண் மேலே போயிற்று. அவள் புருஷன் வந்து அமுக்கினார், இன்னும் இரண்டு சாண் போயிற்று. நாலு பேர் சேர்ந்து வியாகுலம் வீட்டு அம்மிக்கல்லைத் தூக்கி மேலே வைத்தார்கள், சக்கை அம்மியோடு ஏறிற்று. ஆள் தோளில் ஆள் ஏறி அமுக்கினார்கள், கவாத்து ஏணி போட்டு அமுக்கினார்கள், அமுக்க அமுக்க ஏறி, ஓட்டுக்கூரையைத் தாண்டி, எங்கள் தென்னையின் கீழ் மட்டை உயரத்தில் போய் நின்றுகொண்டது.

“சரி, விடுங்க, பழத்துக்கும் கொஞ்சம் காத்து வேணும்ல” என்று யாரோ சொல்ல, எல்லாரும் வேலைக்குப் போனார்கள். வியாகுலம் மட்டும் அண்ணாந்து நின்றாள். “மதினி, மத்தியானத்துக்கு மசால் அரைக்கணும். எப்ப எறங்கும்னு சொல்லுச்சா?”

ஒரு வாரத்தில் ஊர் அதற்குப் பழகிவிட்டது. காற்றடித்தால் தென்னை ஆடியது, சக்கை ஆடவில்லை. மழை பெய்தபோது சக்கைக்குக் கீழே மட்டும் நனையவில்லை, அதனால் பீடி சுற்றுகிற பெண்கள் என் முற்றத்தில் வந்து உட்கார்ந்தார்கள். மைனாக்கள் மேலே போய்க் கொத்திவிட்டு இறங்கும்போது நேராக நடக்க மாட்டாமல் சுவரில் முட்டின, அவற்றைப் பூனை பிடிக்காமல் பார்த்துக்கொள்வது பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளின் வேலையாயிற்று. மின்சாரக்காரர் வந்து பார்த்து, கம்பியை ஒரு முழம் தள்ளிப் போட்டுவிட்டு, ஏணி திருப்பித் தரும்போது, “இதுக்கு இணைப்பு எதுவும் கேக்க மாட்டீங்களே?” என்று கேட்டுக்கொண்டு போனார். வெளியூர்க்காரர்களுக்கு வழி சொல்லும்போது சக்கைக்குக் கிழக்கே மூன்றாவது வீடு, சக்கைக்கு இந்தப்பக்கம் இரண்டாவது சந்து என்று சொல்லத் தொடங்கினார்கள். பங்குச்சாமி தீர்த்தம் தெளித்தார், உயரத்துக்குத் தெளிக்க முடியாமல் மருந்தடிக்கிற தெளிப்பானில் ஊற்றித் தெளித்தார், சக்கை அதை மழையைப் போலவே வாங்கிக்கொண்டது, “ஆயருக்கு எழுதணுமா சாமி?” என்று கேட்டதற்கு, “திருவிழா முடியட்டும், இப்ப எழுதுனா சாப்பாட்டுக்கு அவங்களும் வருவாங்க” என்றார்.

எதனால் எழுந்தது என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை, ஏனென்றால் எல்லாருக்கும் அது முன்னமே தெரிந்திருந்தது, என் வாயால் தெரிந்திருந்தது. சலேத்தை யாரும் ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லவில்லை. குழாயடியில் அவள் வந்தால், “நீ மொதல்ல பிடிச்சுக்கோ ஆத்தா” என்று வழி விட்டார்கள், சீக்கிரம் போய்விடுவாள் என்று. அவளிடம் மோர் வாங்கியவர்கள் வயிறு சரியில்லை என்றார்கள். கோயிலில் அவள் உட்கார்ந்த பாயில் இடம் தாராளமாகக் கிடந்தது. அவள் பந்தல் வழியாகப் போகிறவர்கள் கைக்குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார்கள். ஊர்த் தலைவர் குருசுமுத்து அண்ணன் வீட்டில் ஒரு கன்றுக்குட்டி செத்தது, இரண்டு நாள் முன்னால் சலேத்து அதைத் தடவிக் கொடுத்தாள் என்று அவரே சொன்னார். இதெல்லாம் ஒவ்வொன்றாக என் காதுக்கு வரும், வந்து சொல்கிறவர்கள் எனக்கு ஆறுதல் சொல்கிற பாவனையில் சொல்வார்கள், “ஒன் வீட்டு ஜாடிக்கு இப்படி ஆயிப்போச்சே” என்பார்கள், நான் தலையைக் குனிந்துகொள்வேன், அதையும் அவர்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பந்தல் போடுகிற ஆட்கள் ஒருநாள் பொழுது போகாமல் மூங்கிலைக் கட்டி நீட்டி ஜாடி வாய் மட்டத்திலிருந்து சக்கை வரைக்கும் அளந்தார்கள். “முப்பத்தாறு சாண்” என்றார் அளந்தவர். என்னை ஆறாவதோடு நிறுத்திவிட்டார்கள், கணக்கு எனக்கு வராது, ஆனால் முப்பத்தெட்டில் இரண்டு போனால் எவ்வளவு என்று அந்த நிமிஷமே தெரிந்தது. அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஊர்க்கூட்டம் போட்டார்கள். அந்தத் திருவிழாவில்தான் அமலிக்கு வத்தலக்குண்டுப் பக்கத்து மாப்பிள்ளையோடு உறுதி என்று சித்திரையிலேயே பேசி முடித்திருந்தது. குருசுமுத்து அண்ணன் எழுந்தார்.

“அமலி நம்ம பிள்ள. அவ கல்யாணத்துக்கு யாரும் குறுக்க நிக்கல. சலேத்து ஊத்த வேணாம், அவ்வளவுதான். அவ பார்த்ததுக்கே பழம் பறந்துபோச்சு. கைய வச்சா என்ன ஆகும்? வேற யாராச்சும் பெரியம்மா முறைக்காரி ஊத்தட்டும்.”

“பெத்தவ ஊத்தலைன்னா குடிக்க மாட்டோம்னு அவங்க சொல்லிட்டாங்கன்னா?” என்றது பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல்.

“அது அவங்க இஷ்டம்.”

இதைச் சலேத்திடம் யார் சொல்வது என்று பேச்சு வந்தது. ஜாடி வீட்டுக்காரிதான் சொல்ல வேண்டும், அதுதான் முறை என்றார்கள்.

போனேன். சலேத்து வாசலில் அமலிக்கு எடுத்த புடவையின் மடிப்பை மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தாள், அரக்குக் கலர், சன்ன ஜரிகை. “வாங்க அக்கா, இந்தக் கலரு அவளுக்கு எடுக்குமா?” என்றாள். எடுக்கும் என்றேன். வீட்டுக்குள் அரைகுறை வெளிச்சத்தில் அமலி எதையோ துடைத்துக்கொண்டிருந்தாள், எங்கள் பக்கம் பார்க்கவில்லை. சலேத்து சோறு போட்டாள், வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, அந்தக் கருவாட்டுக் குழம்பையே ஊற்றினாள், சாப்பிட்டேன். என் வீட்டுக்காரர் சொன்னது சரி. இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன், கண்ணில் தண்ணீர் வந்தது, காரம் என்றேன்.

“ஏதோ சொல்ல வந்தீங்களே அக்கா?”

“ஒண்ணுமில்ல. வீட்டுல உப்புத் தீந்துபோச்சு, அதான்.”

ஒரு தம்ளர் உப்பைத் தாளில் மடித்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு வந்தேன். என் வீட்டில் பானை நிறைய உப்பு இருந்தது.

மறுநாள் காலையில், பால் வாங்கி வைத்த கையோடு, ஊரின் கடைசி வீட்டுக்குப் போனேன், என்னை அதிகம் தெரியாத வீடு என்பதால் அங்கே தொடங்கினேன், அதிலும் கோழைத்தனம்தான். வீட்டுக்காரி கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள். “சலேத்து எட்டிப் பாக்கல. நான் மூணு நாளு அமுக்காம விட்டுட்டேன். பயத்துல அவ பேரைச் சொன்னேன்” என்றேன். அவள் நிமிர்ந்து, தவிட்டுக் கையோடு, நான் படியிறங்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது வியாகுலம் வேலியருகே நின்று, “மதினி, ஒரு சாண் எறங்கியிருக்கு, பாத்தீங்களா? நேத்து அந்த மட்டையத் தொட்டுக்கிட்டு இருந்துச்சு” என்றாள்.

அவளிடமும் சொன்னேன். அவள் வாயில் இருந்த வெற்றிலையை மென்று முடித்தாள். “அப்ப ஒங்களாலதான் எனக்கு அம்மி இல்லாமப் போச்சா” என்றாள். சக்கை இன்னொரு சாண் இறங்கியது.

ஒன்பது நாள் நடந்தேன். ஒரு நாளைக்கு நாலு வீடு, அதற்கு மேல் கால் போகாது. ஒரு வீட்டில் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, நான் போனதும் அந்தச் சொம்பைச் சாம்பல் போட்டு விளக்கினார்கள், சன்னலில் தெரிந்தது. ஒரு வீட்டில் சிரித்தார்கள். ஒரு வீட்டில், “இதை இப்ப எதுக்குச் சொல்றீங்க, நாங்க மறந்தே போயிட்டோம்” என்றார்கள், மறந்தவர்கள்தான் கோயிலில் அவள் பக்கத்தில் உட்காராமல் இருந்தவர்கள். ஒரு வீட்டில் பெரியம்மா முறையுள்ள ஒருத்தி என் கன்னத்தைப் பிடித்து, “ஏண்டி, எனக்கு மட்டும் அன்னைக்கே தெரியும்டி” என்றாள். தெரிந்து என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை, கேட்கிற யோக்கியதை எனக்கில்லை. வீட்டுக்கு ஒரு சாணாக, தென்னையை விட்டு, கூரையை விட்டு, ஆள் உயரம், நெஞ்சு உயரம் என்று சக்கை இறங்கியது, அம்மி கைக்கு எட்டியதும் வியாகுலம் வந்து எடுத்துக்கொண்டு போனாள், கடைசியில் அது சுருங்கி வட்டமாகி, கொட்டகைக்குள் நகர்ந்து, ஜாடிக்கு நேர் மேலே ஒரு சாணில் நின்றது. மிச்சம் இருந்தது குருசுமுத்து அண்ணன் வீடு.

மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

“சரி. அவ எட்டிப் பாக்கல. அப்ப என் கன்னுக்குட்டி எதனால செத்துச்சு?”

“எனக்கு எப்படிண்ணே தெரியும்?”

“தெரியாதுல்ல? அப்பப் போ.”

மத்தியானம் மறுபடியும் போனேன், சாயங்காலமும் போனேன். “அவ ஊத்துனா ஊத்தட்டும், ஊரே மாறிப்போச்சு, நான் ஒருத்தன் தடுக்கல. ஆனா நீ சொல்றத நான் நம்பணும்னு கட்டாயமில்ல. அன்னைக்கு நம்புனேன், அது ஒண்ணு போதும்” என்று சொல்லிவிட்டுத் தொழுவத்துக்குள் போய்விட்டார். சக்கை அந்த ஒரு சாணில் அப்படியே நின்றது. நான் கையால் அமுக்கிப் பார்த்தேன். மேலே போகவும் இல்லை, கீழே வரவும் இல்லை.

அப்புறம்தான் சலேத்து வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள், உட்காரச் சொல்லவில்லை.

“முப்பத்தாறு வீட்டுக்கும் போயிட்டு வர்றீங்க” என்றாள். “ஒங்க வீட்டுலேருந்து நாலாவது வீடு என் வீடு.”

“ஒங்கிட்ட நான் பொய் சொல்லல சலேத்து. மத்தவங்ககிட்டதான சொன்னேன். அதான் மொதல்ல அங்க…”

சொல்லும்போதே எனக்குக் கேட்டது, நான் சொல்வது என்ன என்று. நிறுத்திக்கொண்டேன். அவள் தெருப்பக்கம் பார்த்துச் சொன்னாள்.

“எனக்கு எல்லாம் தெரியும்க்கா. குழாயடியில தண்ணி மொதல்ல கெடைச்ச அன்னைக்கே தெரியும். ஒண்ணே ஒண்ணுதான் தெரியல. ஊர்ல இத்தனை பேரு இருக்கோம். ஏன் எம் பேரு?”

பயம் என்றுதான் எல்லா வீட்டிலும் சொன்னேன். பயம் என்றால் கேட்கிறவர்களுக்கும் கொஞ்சம் பாவமாக இருக்கும், சொல்கிறவளுக்கும் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். இவளிடம் அதைச் சொல்ல முடியவில்லை. முப்பதாம் நாள் சாப்பாட்டில் என் வீட்டுக்காரர் மூன்று தடவை குழம்பு வாங்கியதையும், இருபத்தெட்டு வருஷம் என்று சொன்னதையும், நான் சுவரைப் பார்த்துப் படுத்ததையும், படுத்திருக்கும்போது வாசலில் “அக்கா” என்று கேட்ட குரல் இன்னாருடையது என்று தெரிந்தே திரும்பாமல் இருந்ததையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது என் உடம்பே எனக்குச் சிறுத்துப்போன மாதிரி இருந்தது.

சலேத்துக்குக் கோபம் வரும் என்று நின்றேன். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“கொழம்புக்கா?”

“ம்.”

“அந்தக் கொழம்புக்கா என் பிள்ளை வாழ்க்கை அந்தரத்துல நின்னுச்சு?” என்றாள். பிறகு குரல் உடைந்து, “அன்னைக்கு அதுல புளி கூடிப்போச்சுக்கா. அவர் போனப்புறம் மொதமொத வச்ச கருவாட்டுக் கொழம்பு. அவர்தான் ருசி பாத்துச் சொல்லுவாரு” என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், படாரென்று இல்லை, மெதுவாக, கொண்டி விழும் சத்தம் எனக்குக் கேட்கிற மாதிரி.

திருவிழாவுக்கு ஜாடியை மாட்டுவண்டியில் கோயில் முற்றத்துக்குக் கொண்டுபோனார்கள், சக்கையும் ஒரு சாண் உயரத்தில் கூடவே வந்தது, வண்டிக்காரர் வேப்பங்கிளைகளில் இடிக்காமல் பார்த்து ஓட்டினார். பூசை முடிந்தது. வத்தலக்குண்டுக்காரர்கள் ஜமுக்காளத்தில் வந்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஜாடியையே பார்த்தார்.

“என்னங்க இது, பழம் மேல நிக்குது?”

குருசுமுத்து அண்ணன் கோயில் மணியைப் பார்த்தார். பங்குச்சாமி செருப்பைப் பார்த்தார். அமலி அரக்குப் புடவையில் தலை குனிந்து நின்றாள், அவள் கை புடவை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தது. வெளியூர்க்காரர் முன்னால் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்துப் பார்த்திருக்கவில்லை, முப்பத்தேழு வீட்டோடு முடிந்தது என்றுதான் இருந்தேன்.

“அது நான் சொன்ன பொய்யிங்க” என்றேன். “பொண்ணோட அம்மா மேல அபாண்டமாச் சொன்னேன். முப்பத்தாறு சாண் இருந்துச்சு. திருப்பி வாங்குனது போக ஒரு சாண் நிக்குது. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல.”

மாப்பிள்ளையின் அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு சக்கையை நன்றாகப் பார்த்தாள். “எங்க ஊருல இதே மாதிரி ஒண்ணு கெணத்துக்குள்ள கெடக்கு” என்றாள் அவள். “எங்க மாமனாரு காலத்துலேருந்து. தண்ணி மொள்ளும்போது ஒதுக்கிட்டுத்தான் மொள்ளுவோம். நீங்க ஊத்துங்க சம்பந்தி.”

ஊற்றுவதற்கு முன்னால் ஒரு முறை இருக்கிறது. ஜாடி வீட்டுக்காரி முதல் வாய் குடித்து, முகத்தை நிமிர்த்தி, ஊர் கேட்க நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல வேண்டும், அவள் நல்லது என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் வாயில் வைப்பார்கள். சலேத்து சக்கைக்கும் ஜாடிக்கும் நடுவிலிருந்த சந்தில் கையை விட்டு ஒரு அகப்பை மொண்டு என் தம்ளரில் ஊற்றினாள், எல்லாருக்கும் ஊற்றுகிற அளவு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அது காடியாகத்தான் இருக்கும் என்று நான் தீர்மானித்திருந்தேன், மூன்று நாள் அமுக்காத ரசம், நாலு வாரம் சக்கையில்லாமல் கிடந்த ரசம், அது காடியாக இருந்தால் அமலிக்கு ஊற்ற ஒன்றும் இல்லாமல் போகுமே என்று முந்தின நாள் முழுக்கக் கவலைப்பட்டேன், காடியாக இருக்க வேண்டும், அதுதான் எனக்குத் தகும் என்றும் உள்ளுக்குள் ஒரு பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது. குடித்தேன். தித்திப்பாக இருந்தது, லேசான துவர்ப்பு அடியில் இருந்தது, கிராம்பு மணத்தது, என் வயசுக்கு நான் குடித்ததிலேயே நல்ல ரசம் அதுதான்.

நிமிர்ந்தேன். ஊர் முழுக்கத் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தது.

“நல்லா வந்திருக்கு” என்றேன்.

ஒருத்தரும் குடிக்கவில்லை. வியாகுலம் தம்ளருக்குள் பார்த்தாள். யாரோ இருமினார்கள். அவர்கள் வேண்டுமென்று செய்யவில்லை, கை எழவில்லை அவ்வளவுதான், நான் சொன்னதைக் கேட்டு ஒரு தடவை நம்பியவர்கள். இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தேன், என்ன சொல்லி, எதை வைத்துச் சொல்வது என்று தெரியாமல் மூடினேன். பிறகு ஒவ்வொருவராகத் தலையைத் திருப்பி, சலேத்தைப் பார்த்தார்கள்.

ஊற்றுகிறவள் ருசி பார்க்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. சலேத்து என்னைப் பார்க்கவில்லை. அகப்பையின் அடியில் ஒட்டியிருந்ததை உள்ளங்கையில் சாய்த்து, நாக்கில் வைத்து, கண்ணை மூடி, வீட்டில் குழம்புக்கு உப்புப் பார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்த்தாள்.

“ஆமா” என்றாள். “நல்லாத்தான் இருக்கு.”

அதற்கு அப்புறம்தான் ஊர் குடித்தது.